காதுக்கல்

உயிரியல் ஆசிரியர் பணியிடம் காலி, இரண்டு வருடமாய்.
இயற்பியல் படித்த நான்
முதுநகர் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு
இதயத்தையும் நடத்துகிறேன்
அமிலத்தையும் நடத்துகிறேன்.
பாறை மட்டும் என்னுடையதில்லை.
அது சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது,
இருதயராஜ் சார் பீரியடில்,
வியாழன் மத்தியானம், எல்லாரும் தூங்கும்போது.

அன்றைக்கு அமிலம், காரம், உப்பு.
ஜன்னலில் கருவாட்டு வாடை,
காற்று திரும்பினால் சிப்காட் வாடை.
"ரெண்டுல எது மிஸ் அமிலம்?"
கடைசி பெஞ்சு.
நானும் சிரித்துவிட்டேன். பதில் சொல்லவில்லை.

அபினேஷ் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து
இரண்டு வெள்ளைக் கல்லை மேசைமேல் வைத்தான்.
கத்தாழை மீன் மண்டைக்குள் இருந்ததாம்.
துறைமுகத்தில் அவன் அம்மா தலை வெட்டும்போது
கத்தி முனையில் டிக்கென்று படுமாம்,
குடலோடு சேர்த்துத் தள்ளிவிடுவாளாம்.
"மீனுக்கு எதுக்கு மிஸ் தலைக்குள்ள கல்லு?"

தெரியாது என்றேன்.
முப்பத்தெட்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
முதல் தடவையாக
நான் ஏதோ பாடம் நடத்தியதுபோல.

சாயங்காலம் மஞ்சக்குப்பம் பஸ்ஸில்
போனில் தேடிக்கொண்டே வந்தேன்.
அது காதாம். காதுக்குள் கல்.
இருட்டுத் தண்ணீரில் எது மேல் எது கீழ் என்று
மீனுக்கு அந்தக் கல்தான் சாய்ந்து சொல்கிறதாம்.
நமக்கும் உண்டாம், பொடிப்பொடியாய்.
கெடிலம் பாலத்தில் டிரைவர் சட்டென்று ஒடித்தார்,
கம்பியைப் பிடிக்குமுன்னே
எனக்குத் தெரிந்துவிட்டது கீழே எது என்று.
புவியீர்ப்பு. அப்படியென்றால் என் பாடம்தானே!
சொந்தக்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

மறுநாள் வராண்டா சிமெண்டில் தண்ணீர் தெளித்து
ஒரு கல்லைப் பாதிவரை தேய்த்தான்.
கைப்பிடி உடைந்த லென்ஸ் ஒன்று, தலைகள் பதினைந்து.
உள்ளே வளையங்கள்,
வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல.
ஒரு வளையம் ஒரு வருடம் என்றேன்,
தோராயமாக என்று சேர்த்துக்கொண்டேன்.
எனக்கு மூன்று. ஷப்ரினுக்கு நாலு.
கவிப்பிரியா அஞ்சு என்று சத்தியமே செய்தாள்.
"புயல் அடிச்ச வருஷம் எது மிஸ்?
அந்தக் கோடு தடிமனா இருக்குமா?"
அதுவும் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் பாடம் முடிய வேண்டும்,
தலைமையாசிரியை நோட்டு கேட்டிருந்தார்.
தேய்த்த கல்லைச் சோதனைக் குழாயில் போட்டேன்.
நீர்த்த அமிலம், பத்துச் சொட்டு.
நுரைத்தது. எல்லாரும் கிட்டே வந்தார்கள்.
வாயு ரப்பர் குழாய் வழியே போய்
அடுத்த குழாயின் சுண்ணாம்பு நீரில் குமிழியிட்டது
(வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, ராத்திரியே ஊறப்போட்டது).
பால் போல ஆனது.
ஓ என்றார்கள். அந்த ஓ எனக்குப் போதும், ஒரு மாதத்துக்கு.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை இறங்கி
அடியில் ஒரு படலமாய்ப் படிந்தது.
வழியே போன இருதயராஜ் சார் எட்டிப் பார்த்து
"படிவுப் பாறை! இது நம்ம பாடமாச்சே" என்றார்.
பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்போல இருந்தது.

அபினேஷ் மட்டும் முதல் குழாயைத் தூக்கி
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
ஒன்றுமில்லை. தெளிந்த தண்ணீர்.
"கல்லு அந்தப் பக்கம் போச்சு, சரி.
வயசு எங்க மிஸ் போச்சு?"

பலகையில் சமன்பாடு எழுதியிருந்தேன்.
கால்சியம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
கார்பன், ஆக்சிஜன், எல்லாம் எண்ணிப் பார்த்தோம்,
விரல் வைத்து, சத்தமாக.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
மூன்றா நாலா அஞ்சா என்பது
எந்தப் பக்கத்திலும் இல்லை.

மணி அடித்தது.
இரண்டாவது கல்லைக் காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்து
பாக்ஸை மூடினான்.
"இது வேணாம் மிஸ்."
நான் கேட்கவேயில்லை.

பாடக்குறிப்பில் எழுதினேன்:
அமிலம், காரம், உப்பு – முடிந்தது.
பயன்படுத்திய பொருள்கள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
கத்தாழை, ஒன்று. வயது தெரியவில்லை.